திருத்தித் திரும்பாத கடிதம்

பிப்ரவரி 6

அன்புள்ள காற்புள்ளிக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்று உன் நாலு பக்கக் கடிதமே சொல்கிறது. உடம்புக்கு முடியாதவளால் இப்படி மூச்சுவிடாமல் பேச முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்கிற வாக்கியத்தைப் படுக்கப் போகும்போதுகூட நீ முடித்ததில்லை. காற்புள்ளி என்று சும்மாவா பெயர் வைத்தேன்.

வழக்கம்போல உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மொத்தம் பதினாலு பிழை. ஓரத்தில் மூ, மூ என்று போட்டிருப்பதைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எங்கள் அச்சகத்தில் பொறுப்பாளி இல்லாத பிழையே கிடையாது. மூ என்றால் மூலத்திலேயே இருந்தது, எழுதியவர் தலையில். த என்றால் தட்டச்சு செய்தவர் தலையில். மெ என்றால் மெய்ப்பு பார்த்தவன் கோட்டை விட்டது, அதாவது நான். முப்பத்தொரு வருஷத்தில் மெ விழுந்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். உனக்கு விழுந்தது அத்தனையும் மூ. ‘வயிற்று வழி எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறாய். வயிற்றுக்கு வழி வாய்தான். முப்பத்துநாலு வயதிலும் உனக்கு வலிக்கும் வழிக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை.

அந்த வலியைப் பற்றி. அடிவயிற்றில், இடப்பக்கம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ரொம்ப நேரம் பேசினார். என் காதைத்தான் அச்சு இயந்திரம் எப்போதோ தின்றுவிட்டதே, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். அவரோ முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. செவிடன் காதில் சங்கு ஊதியது என்பார்களே, அது அப்படியே நடந்தது. கடைசியில் ஒரு தாளில் நோயின் பெயரை எழுதினார்: டைவர்டிகுலைட்டிஸ். எழுதுகிறவனுக்கு மூன்று பிழையாவது வரும் பெயர். குடலின் சுவர் அங்கங்கே சின்னப் பைகளாகப் புடைத்திருக்கிறதாம், பழைய சைக்கிள் டியூப் உப்புகிற மாதிரி. அதில் ஒன்று புண்ணானால் வலியும் காய்ச்சலும் வருமாம். பெயருக்குக் கீழே ‘நார்ச்சத்து’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பத்து நாள் மாத்திரை சாப்பிட்டேன், அடங்கிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு. துணி தேய்க்கிற அந்தச் சூடான உருளைக்குக் கிட்டே கையைக் கொண்டுபோகாதே.

உன் அப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

வலி, வலி, வலி. பார்த்தீர்களா, மூன்று தடவையும் சரி. நான் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதினால் நம்புகிற நிலைமையில் நான் இல்லை.

டாக்டர் சொன்னது காதில் விழவில்லை என்றால் ‘விழவில்லை, எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பதற்கு என்ன? அச்சகத்தில் ஒரு புள்ளிக்காக ஆசிரியர்களோடு மல்லுக்கு நிற்கிற ஆள், அங்கே போய்த் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். ‘செவிடன்னு தெரிஞ்சா கேவலமாப் போயிடும்னு நினைக்கிறார் உன் அப்பா’ என்று அம்மா சொல்லும். அம்மா போய் எட்டு வருஷம் ஆகியும் அது மாறவில்லை.

செல்போனில் எழுதி அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் பதில் வருமே என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். அதைத் திருத்தித் திருப்பி அனுப்ப முடியாது, அதுதானே உங்கள் குறை?

இங்கே வேலை எப்போதும்போல. ஆஸ்பத்திரியின் ஆறு மாடித் துணியும் சலவைக்கு எங்களிடம்தான் வருகிறது. டாக்டர்கள் கோட்டுப் பையில் பேனாவை விட்டுவிடுகிறார்கள். ஒரு பேனா தப்பிப் போனால் நாற்பது போர்வை நீலமாகிவிடும். அதனால் ஒவ்வொரு பையையும் துழாவுகிறேன். எடுத்ததைத் திருப்பிக் கேட்க யாரும் வருவதில்லை. அதில் ஒன்றால்தான் இதை எழுதுகிறேன். இன்னொன்றை உங்களுக்கு வைத்திருக்கிறேன், பச்சை மை.

எங்கள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒரு அம்மா இருக்கிறார். நோயாளிகள் என்ன சாப்பிடலாம் என்று முடிவு செய்வது அவர்தான். உங்கள் நோய்க்கு என்ன உணவு என்று கேட்டு எழுதுகிறேன். அதுவரை காரம் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

உங்கள் காற்புள்ளி

மார்ச் 8

அன்புள்ள காற்புள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நம்பமாட்டேன் என்கிறாயே, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். போன வாரம் மறுபடி வந்தது. இரண்டு நாள் முழங்காலை மடக்கிக்கொண்டு, வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு தானாகவே போய்விட்டது.

வலியைவிட அது இல்லாத நாள்தான் பாடாய்ப் படுத்துகிறது. வயிற்றுக்குள் லேசாக ஒரு புரட்டல் என்றாலும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கிறேன். தட்டில் இருப்பதைச் சந்தேகத்தோடு பார்க்கிறேன். ஒருத்தன் சொல்கிறான் விதையுள்ள காய் ஆகாது என்று, இன்னொருத்தன் பால் ஆகாது என்கிறான். ஆளுக்கொரு வைத்தியம். இந்த வயசில் சாப்பாட்டைக் கண்டு பயப்படுவேன் என்று நினைக்கவே இல்லை, அம்மா.

அச்சகத்தில் பாடநூல் வேலை கழுத்தை நெரிக்கிறது. ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு அரசர் கல்யாணத்தன்று செத்துப்போய், அதற்குப் பிறகு இருபது வருஷம் நல்லாட்சி நடத்தினார். எல்லாம் தாவல்தான். ஒரே சொல் இரண்டு வரியில் ஆரம்பத்திலேயே வந்தால் தட்டச்சு செய்கிறவர் கண் முதல் வரியிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். நடுவில் இருப்பது காணாமல் போகும். மிச்சம் இருப்பது நன்றாகப் படிக்கவும் வரும், அதுதான் வில்லங்கம். எழுத்துப் பிழை கண்ணைக் குத்தும். தாவல் குத்தாது. ஃபோர்மேன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ‘செத்தப்புறமாவது ஒழுங்கா ஆட்சி பண்ணினாரே!’ என்றான்.

போன கடிதத்துக்கு ஒன்பது மூ. முன்னேற்றம்தான். செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்து நீ வருவதற்குள் அதைப் பூஜ்யமாக்கு. நான் அதற்குள் வயிற்றைச் சரிசெய்து வைக்கிறேன். சரிதானே?

உன் அப்பா

மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு முறை வேலை. பக்கத்தில் நிற்கிறவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல், அவளுடைய முறையையும் நானே பார்த்தேன். கை சூட்டில் சிவந்திருக்கிறது, எழுத்து ஆடினால் திட்டாதீர்கள். ஆனால் உணவு ஆலோசகர் அம்மா கொடுத்த தாளை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது இவர்கள் மொழியில் இருப்பதால் நானே உட்கார்ந்து தமிழில் எழுதுகிறேன். வலி வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, ல சரியா என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை உங்கள் பேனாவுக்கு வேலை கிடையாது.

‘வலி வந்தால், மெல்ல மெல்ல: தவிட்டு ரொட்டி, வேகவைத்த பீன்ஸ், பட்டாணி, கீரை, தோலோடு ஆப்பிள். தண்ணீர் நிறைய.

காய்ச்சல் வந்தால்: ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. உடனே மருத்துவமனை.

தினமும் நடக்க வேண்டும். மலத்தை அடக்கக் கூடாது.’

அவ்வளவுதான். இதைக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள். நாலு நாள் செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. பச்சைப் பேனா இந்த உறையிலேயே இருக்கிறது. கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்புங்கள், எத்தனை மூ என்று பார்க்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.

உங்கள் காற்புள்ளி

ஏப்ரல் 14

அன்புள்ள காற்புள்ளிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கை சிவந்தது ஆறியதா? பேனா வந்தது, நன்றாக எழுதுகிறது.

உன் கடிதத்தைச் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதனால்தான் திருப்பி அனுப்பவில்லை. வலி என்று எழுதிய இடமெல்லாம் பார்த்தேன், எல்லாம் சரியான லி. சபாஷ். இனி அது வீட்டுச் சட்டம். எங்கள் தொழிலில் முதல் விதி என்ன? மூலத்தில் இருப்பதைச் செய், உன் மூளையில் இருப்பதைச் செய்யாதே.

ஃபோர்மேன் எனக்காகத் தவிட்டு ரொட்டி தேடி அலைந்தான். மரத்தூளைத் தின்பது போல இருக்கிறது. இன்றைக்கு மூன்று நாளாக வயிறு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. பட்டியலில் உள்ளபடியே ஒரு வேளை விடாமல் செய்துவருகிறேன். நீ கவலைப்படாதே, நானும் படவில்லை. மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருபதாம் தேதிக்குள் போக வேண்டும். இருநூற்றுச் சொச்சம் பக்கம் பாக்கி. கணக்கில் ஒரு எண் பிசகினாலும் எத்தனை பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும்! மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

உன் அப்பா

ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் சொன்ன ஒன்றை நீங்கள் மறுபேச்சு இல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், நம்ப முடியவில்லை. உணவு ஆலோசகர் அம்மாவிடமும் சொன்னேன். ‘பெத்த பொண்ணு சொன்னா கேக்குற அப்பாவும் உண்டா உலகத்துல?’ என்றார். பெருமையாக இருந்தது.

முரண்டு பிடித்தது அடங்கியதா? அதைச் சொல்லாமல் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டீர்கள். செப்டம்பர் ஐந்தாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது, எட்டாம் தேதி நான் வாசலில் நிற்பேன். எனக்கும் அந்த மரத்தூள் ரொட்டியில் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.

அந்தக் கடிதத்தை அனுப்புங்கள் அப்பா. வேறு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாமே.

உங்கள் காற்புள்ளி

மே 22

அப்பா,

நலமா? மூன்று வாரமாகிறது. அச்சகத்துக்குப் போன் செய்தேன். ‘லீவுல இருக்கார்’ என்றாள் ஒரு பெண். நீங்களாவது லீவு எடுப்பதாவது. ஃபோர்மேன் மாமாவைக் கூப்பிடச் சொன்னேன். ‘அவர் மெஷின்கிட்ட இருக்கார், அப்புறம் பேசுவார்’ என்றாள். மூன்று தடவையும் மெஷின்கிட்டதான் இருந்தார்.

திட்டுவதாக இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே இரண்டு பிழை விட்டிருக்கிறேன். அதற்காகவாவது பேனாவை எடுங்கள்.

காற்புள்ளி

ஜூன் 5

அன்புள்ள காற்புள்ளிக்கு,

அப்பாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று பயந்துவிடாதே. படுத்துக்கொண்டே எழுதினால் இப்படித்தான் வரும். ஃபோர்மேனைக் கோபித்துக்கொள்ளாதே. போன் செய்தால் நம் சிநேகம் அன்றோடு சரி என்று மிரட்டி வைத்திருந்தேன். நீ வேலையை உதறிவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று தெரியாதா எனக்கு?

குடலில் ஒரு பை ஓட்டையாகிவிட்டது. ஏப்ரல் பதினெட்டாம் தேதி அறுவை செய்தார்கள். உள்ளே கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு திறப்பு வைத்து, வெளியே ஒரு பை மாட்டியிருக்கிறார்கள். கழிவு அதில் வரும். புண் ஆறியதும் திரும்பச் சேர்த்துத் தைப்பார்களாம். பை அவ்வப்போது சத்தம் வேறு போடுமாம், பக்கத்துக் கட்டில்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். எனக்குக் காது கேட்காது. கொடுத்து வைத்தவன்.

எப்படி இவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்பாய். யானைக்கும் அடி சறுக்கும். காய்ச்சல் வந்தால் உடனே போ என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்தது. கணக்குப் புத்தகம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். நூற்று எழுபதாம் பக்கத்தில் மயங்கி விழுந்தேனாம். தவறு முழுக்க என்னுடையது.

இங்கே சுவரில் ஒரு பெரிய அட்டை மாட்டியிருக்கிறார்கள், இந்த நோய்க்காரர்களுக்கு என்ன உணவு என்று. வேறு வேலை இல்லாததால் அதை முழுக்கப் படித்தேன், இரண்டு தடவை. ஃபோர்மேனிடம் சொல்லி நம் வீட்டுச் சுவரில் இருந்த உன் கடிதத்தையும் எடுத்துவரச் சொன்னேன். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய் அல்லவா? அனுப்ப மாட்டேன். அதில் உனக்கு ஒரு மூகூட விழவில்லை. முதல் தடவை. அதனால் நானே வைத்துக்கொள்கிறேன்.

நீ இப்போது வர வேண்டாம். செப்டம்பரில் வா. அதுவரை எனக்கு ஒன்றும் ஆகாது.

உன் அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுத் துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு மறுபடி அழுதேன். உங்களுக்கு ஒரு கணக்குப் புத்தகம் உயிரைவிடப் பெரிதாகிவிட்டதா? விடுப்பு கேட்டேன். ஒப்பந்தத்தை முறித்தால்தான் போகலாம் என்கிறார்கள். முறிக்கிறேன் என்றால் நீங்கள் திட்டுவீர்கள். ஒரு வரி எழுதுங்கள், முறித்துவிட்டு வருகிறேன்.

பை சத்தம் போடுவதைப் படித்துச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

உணவு ஆலோசகர் அம்மா ஒன்று கேட்கிறார். அந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள்? வலி நேரத்தில் சிலர் தெரியாமல் தவிடு, பீன்ஸ், பட்டாணி என்று சாப்பிட்டுவிடுவார்களாம். அதெல்லாம் குணமான பிறகுதானாம். புண்ணாயிருக்கும்போது உள்ளே போனால் வினையாம். ‘உங்க அப்பா அப்படிப் பண்ணலையே?’ என்று கேட்டார். நான் சிரித்தேன், அந்த மரத்தூள் ரொட்டியெல்லாம் வலிக்கு முந்தின நாட்களில் தின்றது என்றேன். அவர் தந்த தாளைப் பார்த்து நானேதான் முழுக்க எழுதி அனுப்பினேன், என் அப்பா மூலத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டார் என்றேன். ஆனாலும் கேட்டுச் சொல் என்கிறார். எழுதுங்கள்.

மூ விழாத கடிதத்தைப் பற்றி இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அது என்ன பெரிய விஷயம் என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை.

உங்கள் காற்புள்ளி

ஜூலை 9

அன்புள்ள காற்புள்ளிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு தேறிவருகிறது. பையை மாற்ற நானே பழகிக்கொண்டேன். முதல் வாரம் கோணலாக ஒட்டினேன், இப்போது தாளை ஒட்டுவதைவிடச் சுத்தமாக ஒட்டுகிறேன். பாதி நாள் அச்சகத்துக்கும் போகிறேன். ஃபோர்மேன் என் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு வைத்திருக்கிறான். ‘ராஜா மாதிரி உட்காருங்க, செத்த ராஜா இல்ல, ஆளுற ராஜா’ என்கிறான்.

அந்த அம்மா கேட்டதற்குப் பதில்: சூப். தெளிந்த சூப், வடிகட்டிய பழச்சாறு, தண்ணீர். உன் பட்டியலின் முதல் வரியில் இருந்தபடியே. வலி வந்த பிறகு வேறு எதையும் தொடவில்லை. நீ அவரிடம் அப்படியே சொல்லிவிடு. இதைப் பற்றி இனிமேல் கேட்க வேண்டாம். என்ன சாப்பிட்டேன் என்று நினைத்துப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது.

ஒப்பந்தத்தை முறிக்காதே. இன்னும் எட்டு வாரம்தானே? எட்டாம் தேதி வாசலில் நில். அம்மா போன பிறகு, நீ பேசாத வீடு வீடாகவே இல்லை. காது கேட்காதவனுக்கு அமைதி ஏது என்று நினைப்பாய். உண்டு. நீ பேசும்போது உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன் அல்லவா, அது இல்லாததுதான் அமைதி. வந்து பேசு, எங்கும் நிறுத்தாதே.

உன் அப்பா

செப்டம்பர் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃபோர்மேன் மாமா எழுதுவது. ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு மறுபடி வேலைக்கே போகிறேன் என்றாயே, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? சாப்பிடுகிறாயா? எனக்கு இப்படிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்குப் போனில் உன்னிடம் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஆகஸ்ட் பதினேழாம் தேதி குளிர் என்று சொன்னார். தொட்டால் கொதித்தது. இந்தத் தடவை அன்றைக்கே கூட்டிப்போனேன். உள்ளே மறுபடி சீழ் கோத்திருந்தது. ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாள்தான் இருந்தார். கடைசியாக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘எட்டாம் தேதி வந்திடுவா’ன்னு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலையை ஆட்டினார். அவர் போய் மூன்றாம் நாள் நீ வந்தாய்.

நீ போன பிறகு அவர் மேசையை ஒழித்தோம். பூட்டிய டிராயரில் உன் கடிதம் ஒன்று இருந்தது. நீ அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தாய் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். ஒரு கடிதத்தையும் திருப்பி அனுப்பாமல் இருந்ததில்லையே, இது ஒன்று பாக்கி வேண்டாம் என்று இத்துடன் அனுப்புகிறேன். உனக்கு ஆறுதலாக இருக்கும். அதில் ஓரத்தில் மெ என்று போட்டிருக்கிறார். எனக்கு அதுதான் விளங்கவில்லை. அவர் கையால் அந்த எழுத்தை நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், அம்மா.

உன் மாமா

அக்டோபர் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும். நீங்களும் அத்தையும் நலமாக இருங்கள். கடிதம் வந்தது. பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மெ ஏன் என்று கேட்டீர்களே, உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்.

என் பழைய கடிதம் அடுப்புப் புகை பட்டு ஓரம் பழுத்திருக்கிறது. ‘வலி வந்தால்’ என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு செருகல் குறி. அதிலிருந்து ஒரு கோடு மேலே போய், தாளின் தலைப்பில் பொடி எழுத்தில் மூன்று வரி: ‘தெளிந்த சூப், வடிகட்டிய பழச்சாறு, தண்ணீர் மட்டும். இரண்டு மூன்று நாள். பிறகு வெள்ளை ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு. வலி வந்து போன பின்’. அதற்கப்புறம்தான் நான் எழுதிய ‘மெல்ல மெல்ல: தவிட்டு ரொட்டி’. ஆஸ்பத்திரிச் சுவர் அட்டையைப் பார்த்துச் சேர்த்து, ஓரத்தில் ‘தாவல்’ என்று எழுதியிருக்கிறார்.

உணவு ஆலோசகர் அம்மாவிடம் ஓடிப்போய் அந்தத் தாளை மறுபடி வாங்கிப் பார்த்தேன். அப்பா சேர்த்தது அதில் அப்படியே இருக்கிறது. முதல் வரியும் வலி என்று ஆரம்பிக்கிறது, அடுத்ததும் வலி என்று ஆரம்பிக்கிறது. அன்றைக்கு வலிக்கு என்ன லி என்று பார்த்துக்கொண்டே எழுதினேன். அந்த ஒரு எழுத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், கண் அடுத்த வலியில் போய் விழுந்தது. அப்பாவும் அந்த ஒரு எழுத்தைத்தான் பார்த்தார். இரண்டு பேரும் எழுத்தைப் பார்த்தோம், வரியைப் பார்க்கவில்லை. வலியில் சுருண்டுகொண்டு நான் எழுதியபடியே பீன்ஸைத் தின்றிருக்கிறார், மாமா. ஒரு வேளை விடாமல்.

அது மட்டுமே காரணமாக இருக்காது, நாலு நாள் காய்ச்சலோடு இருந்ததுதான் பெரிய தவறு என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

‘உனக்கு ஒரு மூகூட விழவில்லை’ என்று அப்பா எழுதினார். பொய் சொல்லவில்லை. முதலில் மூ என்றுதான் போட்டிருக்கிறார், தெரிகிறது. அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் மெ. கீழே கையெழுத்து. ஜூன் இரண்டு. எனக்குக் கடிதம் எழுதுவதற்கு மூன்று நாள் முன்னால். சூப் குடித்தேன் என்று அதற்கப்புறம் எழுதியதுதான் பொய். அந்த ஒரு பொய்யையும் நான் விட்ட வரியிலிருந்தே எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

மெயை அடித்துவிட்டு மூ என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பல நாள் எடுத்தேன். மெய்ப்பு பார்த்தவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் எழுதியவர் கைவைக்கக் கூடாது, அதுதானே உங்கள் அச்சகத்து விதி? வைக்கவில்லை. மடித்து உறையில் போட்டுவிட்டேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மாமா. நீங்கள் அனுப்பியது நல்லதற்குத்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் திருத்தி எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அழுதுகொண்டே எழுதியிருக்கிறேன், பிழை நிறைய இருக்கும். எல்லாவற்றுக்கும் மூ என்றே போடுங்கள்.

காற்புள்ளி